முதல் பாவசங்கீர்த்தனம்

"ஓடிப் போயிடாத தம்பி, இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று அல்பொன்சா அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

கண்டக்குழி வேதக் கோவிலின் பக்கக் கதவோரம் நின்ற அந்தப் பையனுக்கு உடம்பெல்லாம் வெடவெடத்தது. கையில் மடித்து வைத்திருந்த ஊதாத் துணியை முகத்துக்குக் கொண்டுபோனவன், என்ன நினைத்தானோ, வியர்வையைச் சட்டைத் தோளிலேயே துடைத்துக்கொண்டான்.

பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைப் புதுச் சாமி கேட்கப் போகிறார் என்று சனம் வாங்குப் பலகைகளில் காத்திருந்தது. வரிசையில் முதல் ஆள் அல்பொன்சா. பழைய சாமி இருந்தவரை கடைசி வாங்கை விட்டு அசையாதவள் இன்று முந்திக்கொண்டு வந்ததில் பின்னால் இருந்தவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

"முதல் தரமோ தம்பி?"

"ஓம் அக்கா. இண்டைக்குத்தான் முதல் தரம்."

அல்பொன்சா அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஊருக்குப் புதிய முகம். இவ்வளவு வயதாகியும் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லையாம். ஊர்ப் பெண் யாரையோ கட்டுவதற்காக கிறிஸ்தவ வேதத்துக்கு மாறுகிறவன் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டாள். இப்படித் தீர்மானிப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை.

"பொம்புள ஆரு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "பொம்புள ஒருத்தரும் இல்ல அக்கா."

"சரி, சொல்லாத. கலியாணத்தண்டு தெரியத்தானே போகுது. ஏன் இப்பிடி நடுங்குற?"

"படிச்சதெல்லாம் மறந்து போச்சு. பெரிய பாவம் ஏதும் வந்திட்டா என்ன செய்யிறதெண்டே விளங்கேல்ல."

அல்பொன்சாவுக்கு இரக்கம் பொங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்ச பார். முதல்ல சின்னப் பாவம் ரெண்டச் சொல்லு. நடுவில பெரிசு. பிறகு திரும்பவும் சின்னது ரெண்டு. நேத்தைய மீன இண்டைய மீனுக்கு நடுவில வச்சு விக்கிறம்தானே, அது மாதிரித்தான். பெரிசு வரேக்க கொஞ்சம் இருமோணும். பழைய சாமிக்கு இது சரிவராது, அவருக்கு எங்கட குரல் தெரியும். புதுச் சாமிக்கு என்ன தெரியப்போகுது?"

பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடத் தொடங்கியது.

"சாமி ஏசுவார் எண்டு பயப்பிடாத. அவரும் ஒரு தாய் பெத்த பிள்ளதானே. தட்டிக்கு அங்கால இருக்கிற அவருக்கும் வயித்தக் கலக்கும், வெளியில காட்டமாட்டார்."

"மெய்யாவா அக்கா?"

"மெய்யா. நீ நல்ல பிள்ள, கடவுள் உன்னக் கைவிடமாட்டார். கொஞ்சம் இரு, உனக்காகவும் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லுறன்."

கண்ணை மூடினாள். ஊராருக்கெல்லாம் தைரியம் சொல்கிற அவளுடைய வயிறுதான் உண்மையில் கலங்கிக் கிடந்தது.

மச்சாள் சுதர்சினி போடுகிற கருவாட்டில் புழு என்று சந்தையில் கதை கட்டியவள் அல்பொன்சாதான். சுதர்சினி அழுதுகொண்டு வந்து கேட்டபோது, அந்தோனியார் சுரூபச் சிலையில் கையடித்து, "நான் சொல்லேல்ல" என்று சத்தியமும் பண்ணிவிட்டாள்.

கதை கட்டியதையாவது தாங்கிக்கொள்ளலாம், பொய்ச் சத்தியத்தை எப்படித் தாங்குவது? கடலைக் கொந்தளிக்க வைத்த சோளகக் காற்று அடங்கிவிட்டது. நாளை விடிய அவள் புருசன் இன்னாசிப்பிள்ளை இந்தப் பருவத்துக்கு முதன்முதலாகப் படகை இறக்குகிறான். படகின் பெயரும் அந்தோனியார். தன் பொய்க்கு அந்த மனிசன் கடலில் பதில் சொல்ல நேர்ந்தால் என்ற நினைப்பில் அவளுக்கு ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது பையனைக் காணவில்லை.

"பாவம், ஓடிட்டான்" என்றாள். தானும் அப்படியே ஓடிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவ்வளவு புத்தி சொன்ன வாயை வைத்துக்கொண்டு ஓடுவதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

சின்ன மணி ஒலித்தது. அல்பொன்சா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய், சாமி உள்ளே இருந்து கேட்கிற மரக் கூண்டான பாவசங்கீர்த்தனத் தொட்டியின் பக்கத்தில் முழங்காலிட்டாள். மரத் தட்டியின் சின்னத் துளைகளுக்கு அப்பால் இருட்டில் ஊதாத் துணி ஒன்று மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"என்ன ஆசீர்வதியுங்க சாமி, நான் பாவி. மகளுக்கு ஏசினன். பூசைக்குப் பிந்தி வந்தன்."

அடுத்தது பெரிசு. சொன்னபடியே இருமினாள். இருமல் வந்தது, பாவம் வரவில்லை. இன்னொரு தரம் இருமினாள். கண்ணீர்தான் வழிந்தது.

நாளைக்குப் படகு தள்ளப்போகிற கணவனுடைய முகம் கண்முன் வந்தது. அதற்கு மேல் அவளால் விளையாட முடியவில்லை.

"பெரிசு ஒண்டு இருக்கு சாமி" என்று விக்கினாள். "சொல்லத்தான் வந்தன். ஆனா பயமா இருக்கு."

தட்டிக்கு அப்பால் மெல்லக் கேட்டது அந்தக் குரல்:

"எனக்குப் பயம் போயிட்டுது அக்கா, இனி நீங்க சொல்லுங்க."