நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கையெழுத்து

ஏழு மணிக்கு அவன் அலுவலகத்தைத் திறந்தான். முன்னறையைக் கூட்டினான். நேற்றைய தேதியைக் கிழித்தான். அந்தத் தொண்டு நிறுவனத்தில் ஒரு காலத்தில் ஏழு பேர் இருந்தார்கள். இப்போது ஒருங்கிணைப்பாளனும் அவன்தான், துடைப்பம் பிடிப்பவனும் அவன்தான்.

ஏழரைக்கு மனு அக்கா வந்தாள். குடியிருப்போர் சங்கத் தலைவி. மனுவும் கையுமாகவே வருவதால் அந்தப் பெயர். இரவெல்லாம் மழை. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, காலில் துடைத்துவைத்தது போன்ற செருப்பு.

"எல்லாம் இருக்காக்கா?"

"நூத்தித் தொண்ணூத்திரெண்டு வீடும் இருக்கு தம்பி. ஒண்ணுகூட விடல."

"இது எத்தனாவது தடவை?"

"நான் எண்றத விட்டுட்டேன். நீங்க படிச்சவங்க, எண்ணுங்க."

ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்கு நகரத்துக்கு வெளியே நான்கு அடுக்குமாடிகள் கொடுத்திருந்தார்கள். வீடு உண்டு, குழாய் உண்டு, விளக்கு உண்டு. பஸ் கிடையாது. பெரிய சாலைக்கு மண்பாதையில் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூன்று வருடமாக நிறுவனம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு பஸ்ஸைத்தான்.

'ஆள் இருப்பதற்கு ஆதாரம் என்ன?' என்று போக்குவரத்து அலுவலகம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஒரு கையெழுத்து, புதிதாக. அதை மக்களேதான் வாங்க வேண்டும் என்பது நிறுவனத்தின் கொள்கை. நாம் வாங்கினால் அது நம் மனு, அவர்கள் வாங்கினால்தான் அவர்கள் மனு. கூட்டங்களில் அவனே இதைச் சொல்லுவான். சொல்லிச் சொல்லியே, அவன் கடைசியாக அங்கே போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

இன்று அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். திருப்தியானால் பஸ். இல்லாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள்.

மூவரும் ஏறிப் போன அதிகாரியின் ஜீப் மண்பாதையில் இரண்டு இடத்தில் சேற்றில் புதைந்தது. இரண்டாம் தடவை அதிகாரியும் இறங்கித் தள்ளினார். முழங்கால்வரை சேறு.

"இதுலயாய்யா தினமும் நடக்கறாங்க?"

"அதுக்குத்தான் சார் பஸ் கேக்கறோம்" என்றான் அவன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு முதல் கட்டடம். எல்லாக் கதவிலும் பூட்டு. அதிகாரி மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார். அங்கும் பூட்டு. அடுத்த கட்டடத்திலும் அதே கதை.

"என்னய்யா, ஒரு ஈ காக்கா இல்ல?"

அவன் அவசரமாகச் சொன்னான். "வேலைக்குப் போயிருப்பாங்க சார். நடந்து போகணும்னா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பியாகணும்."

"பிள்ளைங்க?"

"ஸ்கூலும் டவுன்லதான் சார். கூடவே கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அதிகாரி தன் காலில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைப் பார்த்தார்.

"கொடுமைய்யா. நீங்க சும்மா ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் போடறீங்கன்னுல்ல நினைச்சேன்." கோப்பைக் கைப்பிடிச் சுவரில் விரித்துப் பேனாவைத் திறந்தார். "காலையில அஞ்சு மணிக்கு ஒரு வண்டி. சாயங்காலம் ஒண்ணு. போதுமா?"

"போதும் சார்." அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். மூன்று வருடக் களைப்பும் அப்போதுதான் காலுக்கு இறங்கியது. அப்படியே உட்கார்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

அதிகாரி எழுதிக்கொண்டே அக்கா பக்கம் திரும்பினார். "சாயங்கால வண்டிக்கு நேரம் போடணும். இவங்கல்லாம் எப்பம்மா திரும்பி வருவாங்க?"

அவன் 'ஏழு மணி' என்று சொல்ல வாயெடுத்தான். அக்கா முந்திக்கொண்டாள்.

"நீங்க பஸ் விட்டா, மறுநாளே எல்லாரும் திரும்பி வந்துடறோம் சார்."