உயிரோடு இருந்தால்

திரினிடாடில் எங்கள் சான் பெர்னாண்டோ பள்ளிவாசல் முற்றத்தில் கல்லும் உருகும் வெயில் காய்கிறது. வக்கீல் ஜுமான் அலி கனைத்தாலே துறைமுகத்துக் கப்பல் பின்வாங்கும். அவர் இன்று, நேற்று இறந்துபோன மனைவி சக்கீனாவின் சந்தூக்கை, அந்த மையித்துப் பெட்டியை, பிடித்தபடி தலைகுனிந்து நிற்கிறார். நிக்காஹ் செல்லாது என்னும் வெள்ளைக்காரன் சட்டப்படி அவள் அவருக்கு மனைவியே இல்லை. அவரோ கல்யாணத்தைச் சர்க்காரில் பதிய மறுத்து, சட்டத்தையே மாற்றப் போராடியவர். இதோ, பூமாலையோடு ஊரே ஓடி வருகிறது. "ஜெயிச்சிட்டோம் வக்கீல் பாய்! காலையில கவர்னர் கையெழுத்துப் போட்டாச்சு! பழைய நிக்காஹும் செல்லுமாம்!" "ரெண்டு பேரும் உயிரோட இருந்தா," என்கிறார் அவர். "எந்தக் கழுதை பாய் அப்படி எழுதுச்சு?" சந்தூக்கின் பச்சைத் துணியை நீவிவிட்டுக்கொண்டே தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறார்: "இந்தக் கழுதைதான்."