தரப் பரிசோதனை

மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு, இரண்டாம் மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேஜை மேல் படுக்க வைக்கப்பட்ட இரண்டு மாதக் குழந்தையின் வாய்க்குள் டார்ச் அடிக்கப்பட்டது. அடித்தவர் குழந்தையின் தாத்தா.

"இருக்கு!" என்றார், கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குரலில். "நாக்கு மேல, கன்னத்துக்கு உள்ள, வெள்ளை வெள்ளையா. துடைச்சாலும் போகலை. நான் சொன்னேனா இல்லையா?"

மருமகள் எட்டிப் பார்த்தாள். இருந்தது.

போன வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்திருந்தது. பல் டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து, "தாராளமா பால் கொடுங்க. குழந்தை வாயில வெள்ளைத் திட்டு வருதான்னு மட்டும் பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பினார். வீடு வந்து சேர்வதற்குள் அந்த இரண்டு வாக்கியங்களில் முதலாவது காணாமல் போய்விட்டது.

மாமனார் பிஸ்கட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரக்கட்டுப்பாடு பார்த்தவர். அவர் ஒரு வாய் சுவைத்து "பாஸ்" சொல்லாமல் ஒரு பெட்டிகூட அங்கே கேட்டைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்றதும் அந்த கேட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"மருந்து ரத்தத்துல கலந்தா பால்லயும் கலக்கும். ரிஜெக்ட்" என்றார். அவள் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே வீட்டில் புட்டியும் பால்பவுடரும் வந்து இறங்கிவிட்டன.

ஆறு நாளாக இதுதான் நடைமுறை. அவள் குளியலறையில் நின்று தன் பாலைப் பீய்ச்சிக் கொட்டுவாள். வெளியே மாமனார் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் புட்டியைக் கொதிக்க வைப்பார், பவுடரைக் கலக்குவார், ரப்பர் காம்பை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்துச் சூடு பார்ப்பார். "பாஸ்" என்ற பிறகே அது பேரக்குழந்தையின் வாய்க்குப் போகும்.

கொட்டக் கொட்டப் பால் குறைந்துகொண்டே வந்தது. நேற்று அரைக் கிண்ணம்கூடத் தேறவில்லை. ஏழு நாள் முடிந்ததும் குழந்தையை மறுபடி மாரோடு அணைத்துக்கொள்ளலாம் என்று அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"திருட்டுத்தனமா பால் கொடுத்திருக்கே" என்றார் மாமனார்.

"சத்தியமா இல்ல மாமா."

"கொடுக்காம வானத்துலேருந்தா வந்துது?"

கணவன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான். "உண்மையைச் சொல்லிடேன்மா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"ஆறு நாளா சொல்லிக்கிட்டுத்தானேங்க இருக்கார்!"

மாமனார் ஆறிப்போன காப்பியில் ஒரு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்து, பல்செட்டை நாக்கால் தள்ளிச் சரிசெய்துகொண்டார். பதினைந்து நாளாக அவருக்கு நாக்கு எரிகிறது. மருமகள் சமையலில் போடும் காரமே காரணம் என்று அன்றே தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

"இன்னிக்கு குழந்தை டாக்டரம்மா வாயாலயே கேட்டுடுவோம்" என்றார். "மருந்துதான் காரணம்னு சொல்லிட்டா, அப்புறம் தாய்ப்பால்ங்கிற பேச்சே இந்த வீட்டுல கூடாது. புட்டிதான். சரியா?"

அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கணவன் வாய் கொப்பளிக்கப் போய்விட்டான்.

பத்து மணிக்குக் குழந்தை டாக்டரின் அறை. டாக்டரம்மா பஞ்சு சுற்றிய குச்சியால் குழந்தையின் நாக்கை மெல்லத் தேய்த்துப் பார்த்தார்.

"ஆமா, பூஞ்சைதான். பயப்படாதீங்க, சொட்டு மருந்துல சரியாயிடும்."

மாமனார் நாற்காலியில் நிமிர்ந்தார். "மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே பால் கொடுத்திருக்கா டாக்டர். தினம் மூணு வேளை டார்ச் அடிச்சு செக் பண்றேன், அதனாலதான் பிடிக்க முடிஞ்சுது" என்று சட்டைப்பையிலிருந்த டார்ச்சைத் தட்டிக் காட்டினார்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். "கொடுத்தியாம்மா?"

"இல்ல டாக்டர். மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து ஒரு சொட்டு கொடுக்கலை. வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

"நம்பற மாதிரியா இருக்கு?" என்றார் மாமனார். "புட்டியில தப்பு வர வாய்ப்பே இல்ல டாக்டர். பதினஞ்சு நிமிஷம் கொதிக்க வைக்கறேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் நானே ஒரு வாய் குடிச்சுப் பார்த்துத்தான் கொடுக்கறேன். ஒருவேளைகூடத் தவறினதில்ல."

மருந்துச் சீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. "அந்தக் காம்புலயேவா?"

"பின்னே? முப்பத்தொரு வருஷ சர்வீஸ் டாக்டர்!"

டாக்டரம்மா குழந்தையைத் தூக்கி அதன் அம்மாவின் மடியில் வைத்தார். "திரைக்குப் பின்னால போய் இப்பவே பால் கொடும்மா. குழந்தை குடிக்கக் குடிக்கத் தானா ஊறும். குழந்தை வாயிலேருந்து உனக்கு ஒட்டாம இருக்க, மார்ல தடவ ஒரு களிம்பும் எழுதறேன். அந்த மாத்திரையை முழுசா முடிச்சுடு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

மாமனார் எழுந்தேவிட்டார். "அதெப்படி டாக்டர்? அப்ப அந்த வெள்ளை எங்கேருந்து வந்துது?"

டாக்டரம்மா கை நீட்டி அவர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை உருவி, எரிகிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"ஐயா, இப்ப நீங்க ஆ காட்டுங்க."