தூதுக்கு ஆளில்லை

“அம்மிணி, உங்கம்மாகிட்டச் சொல்லு. எனக்குக் காப்பியில சக்கரை வேண்டாம்னு.”

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார் மோகனசுந்தரம். ஞாயிற்றுக்கிழமை காலை. ஐப்பசி மழை தென்னந்தோப்பில் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வழக்கமாகக் கேட்கும் வாலாட்டல் சத்தம் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தார். நாற்காலிக்கடியில் சாக்கு மட்டும் கிடந்தது. நாயைக் காணோம்.

அவருக்குத் திக்கென்றது. அம்மிணி இல்லையென்றால் அந்த வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் யோகப்பிரியாவையும், அவளுக்குப் பிறந்த குழந்தையையும், மனைவி விசாலாட்சி ஆடி மாதம் இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எர்ணாகுளம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கு வாயை மூடியவர்தான் மனுஷன். அதற்கப்புறம் எந்தச் சேதியும் நாய் வழியாகத்தான். “அம்மிணி, உங்கய்யனை மாத்திரை போடச் சொல்லு” என்று விசாலாட்சியும் பழகிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அந்த நாய் யோகப்பிரியா படிக்கும்போது கூடையில் வைத்துத் தூக்கிவந்த குட்டி. மகள் பேரை எடுத்தால் எரிந்து விழுகிறவர், அவள் வளர்த்த நாய்க்கு ஈரத் தலையைத் துவட்டிவிடுவார். ஊரார் சிரித்தாலும் கவலைப்பட மாட்டார்.

மாட்டுக்கொட்டகை, மோட்டார் ரூம், மட்டை குவித்த இடம் என்று ஒன்று பாக்கியில்லாமல் தேடினார். பக்கத்துத் தோட்டத்து வேலியருகே நின்று குரல் கொடுத்தார். மருதாத்தாள் ஈரத்தலையை முடிந்துகொண்டே வெளியே வந்தாள்.

“எங்க அம்மிணி இந்தப் பக்கம் வந்தாளா மருதாத்தா?”

“இல்லீங் மாமா. சஷ்டி விரதமுங்க, ஊட்டுல அடுப்பே மூட்டலை. காத்தாலயிருந்து சாமி ரூமுலதான் உக்காந்திருக்கறேன்” என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டே.

மொபெட்டை எடுத்துக்கொண்டு கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் போனார். இளநீர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கடியிலும் குனிந்து பார்த்தார். அங்கே நின்ற மலையாளப் போலீஸ்காரர், “நாயெ கண்டில்லல்லோ சேட்டா” என்று கையை விரித்தார். கள்ளுக்கடை வாசலிலும் விசாரித்தார். ஒருவரும் பார்க்கவில்லை.

தொப்பலாக நனைந்து வீடு திரும்பினால், அடுக்களையில் கறிக்குழம்பு மணந்துகொண்டிருந்தது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு ஜீவனைக் காணோம், இவளுக்குக் கறி கேட்கிறதா! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் யாரிடம் சொல்லிக் கேட்பது? சுற்றுமுற்றும் பார்த்தார். திண்ணைமேல் சேவல் ஒன்று நின்றது.

“டேய், உங்கம்மாவக் கேளு...” என்று ஆரம்பித்தார். சேவல் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது.

அதற்குள் விசாலாட்சி கறிக்குழம்பு ஊற்றிய தூக்குப்போசியும் குடையுமாகப் படியிறங்கி, பின்பக்க வேலி வழியாக மருதாத்தாள் தோட்டத்துக்குப் போய்விட்டாள். ஊரைக் கவனிக்க மட்டும் இவளுக்கு நேரம் இருக்கிறது என்று மோகனசுந்தரம் பல்லைக் கடித்தார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், கேட்டுக்குப் போனார், மறுபடி வந்து உட்கார்ந்தார்.

பொழுது சாயும் முன்பே மழை வலுத்துவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றவரின் தலைக்குமேல் குடை ஒன்று வந்தது. திரும்பாமலே யாரென்று தெரிந்தது.

“ஏம்புள்ள, அவ வந்துருவாளா?”

கேட்ட பிறகுதான், கேட்டுவிட்டோம் என்று உறைத்தது. விசாலாட்சி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வந்துருவாளுங்க. எங்க போயிருவா, உங்களை உட்டுப்போட்டு?”

“போனவ ஒருத்தி போயிட்டாளே.” அவர் ரோட்டையே பார்த்தார். “நாந்தான் தொரத்தி உட்டுட்டேன். இப்ப இதுவும் போச்சு.”

விசாலாட்சி குடையை அவர் பக்கமாகச் சாய்த்தாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டார்.

“அந்தக் கொழந்தைக்கு என்ன பேரு வெச்சிருக்கறாங்க?”

“நைனிகாங்க.”

“அதென்ன பேரோ, வாய்க்குள்ள நொழைய மாட்டேங்குது” என்றார். பிறகு இரண்டு தரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“வாற சனிக்கெழமை வரச் சொல்லட்டுங்களா? மாப்பிள்ளையும் கேட்டுட்டேதான் இருக்கறாருங்க.”

“வரச் சொல்லு. அதுக்குள்ள அம்மிணி கெடைச்சுட்டாத் தேவலை. கொழந்தைக்கு வெளையாட்டுக் காட்டுவா.”

விசாலாட்சி அவரை வீட்டுக்குள் கூட்டிவந்து தலையைத் துவட்டிவிட்டு, காப்பி வைக்க அடுக்களைக்கு ஓடினாள். அந்த நடையில் அப்படி ஒரு துள்ளல். பாவம், இந்த ஒரு பேச்சுக்கா இவளை இத்தனை மாசம் ஏங்க வைத்தோம் என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மேசைமேல் அவளுடைய செல்போன் அடித்தது. பக்கத்துத் தோட்டத்து மருதாத்தாள். நாயைப் பற்றி ஏதாவது தகவலாக இருக்குமோ என்று பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தார். அவர் ‘ஹலோ’ சொல்வதற்குள் மருதாத்தாள் முந்திக்கொண்டாள்.

“அக்கா, மாமன் பேசிட்டாருங்களா? அம்மிணிய அவுத்து உட்றட்டுங்களா?”