இயந்திரத்துக்குப் பசி இல்லை

அந்த நுண்ணோக்கியின் ஊசி, தகட்டில் கிடக்கும் மூலக்கூறுகளைத் தடவித் தடவிப் படம் பிடிக்கும். பக்கத்துச் சுவரில் லிஃப்ட் ஓடினால் ஊசி நடுங்கிவிடும். முன்பெல்லாம் ஆராய்ச்சிக்காரப் பெண் தமயந்தி மதியம் சாப்பிடப் போகையில் அதை நிறுத்திவைப்பாள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகப் பணியாள் வீரணன் அதைக் குளிர்விக்கும் நைட்ரஜன் கேனை லிஃப்டில் ஏற்றிவிடுவான். இப்போது இயந்திரமே இடம் தேடுகிறது, இயந்திரமே படம் பிடிக்கிறது. அதற்குப் பசி கிடையாது, நிற்பதும் கிடையாது. ஆகவே லிஃப்டும் கிடையாது.

“அதுக்கும் ஒரு வாய் சோறு போட்டு உக்கார வைங்க தாயி” என்று முதல் நாளே சொல்லிப் பார்த்தான். அவள் சிரித்தாள். பதினெட்டு நாளாக, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முப்பது கிலோ கேனைத் தூக்கிக்கொண்டு பூனை மாதிரி இரண்டு மாடி ஏறுகிறான். வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது.

இன்றைக்கு அவள் திரையைக் காட்டினாள். தேனடை போல வரிசையாக மூலக்கூறுகள். நடுவில் ஒரு கீறல்.

“பதினொன்னு பத்துக்குக் கேனைத் தரையில வச்சீங்கல்ல, அதாண்ணே இது. கொஞ்சம் மெதுவா வைங்க.”

வீரணனுக்குச் சுர்ரென்று ஏறியது.

“நா வச்சது மட்டும் அதுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்? அதுக்கு முன்னாடி நாப்பத்து நாலு படி ஏறுனேனே தாயி, அது எங்க விழுந்திருக்கு? காட்டு பாப்போம்.”

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நிஜமாகவே தேடினாள். மற்ற வரிசைகளெல்லாம் சுத்தமாக இருந்தன.