எல்லைக்கு அந்தாண்ட கடை

பிரிஸ்கில்லா அக்கா அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்தாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். ஜெபத்துக்கு வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யார் புதிதாக உள்ளே வந்தாலும், அவள் என்னைக் கைகாட்டிவிட்டுத்தான் புருஷனுக்காக அழுதாள்.

"எந்தம்பி வேகாத வெயில்ல வந்தவாசி ரோட்ல அம்மாந்தூரம் வண்டி ஓட்டிக்கினு போனான். அங்கியும் கடைய மூடிக்கீறாங்க. அவன் இன்னா பண்ணுவான்?"

வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒரு பெரியம்மா என் தோளைத் தடவிக்கொடுத்தாள். நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளாட்சித் தேர்தல் எங்கள் மாவட்டத்துக்கு மட்டும்தான் அறிவித்திருந்தார்கள். அதனால் பெருநகரிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் மூன்று நாள் டாஸ்மாக் கிடையாது. வந்தவாசி ரோட்டில் போனால் திருவண்ணாமலை மாவட்டம் வந்துவிடும். அங்கே தேர்தல் இல்லை. ஆனால் எல்லையோரக் கடைகளை ஒரு தேர்தலுக்கு மூடுவார்கள், ஒரு தேர்தலுக்குத் திறந்து வைப்பார்கள். அந்தச் சட்டம் குடிக்கிறவனுக்கும் புரிந்ததில்லை, குடிக்காதவனுக்கும் புரிந்ததில்லை.

நான் குடிக்காதவன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. எங்கள் ஊர்க் கடையை எடுக்கச் சொல்லி கிராம சபையில் மனு எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

அக்கா புருஷன் டேனியல் மாமா இருபது வருஷமாக ஒரு நாள் விடாமல் குடித்தவர். நல்ல மனுஷன், ஏர் பிடித்தாலும் நாற்றுக்கட்டு தூக்கினாலும் இரண்டு ஆள் வேலை செய்வார். சாயந்தரம் ஆனால் ஆள் கிடையாது.

ஓட்டுப் போடும் நாள் காலையில் அவருக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. சுவரெல்லாம் எறும்பு ஊறுகிறது என்றார். இல்லாத எறும்பை லுங்கியிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். போன வருஷமே நர்சம்மா சொல்லியிருந்தார்களாம், இவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து என்று. இன்றைக்கு ஒரே ஒரு குவார்ட்டர் வாங்கி வா, கொஞ்சமாகக் கொடுத்து சமாளிப்போம், விடிந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்று கெஞ்சினாள்.

சரி என்று வண்டியை எடுத்தேன். ஆனால் நம்பவில்லை. உடம்பு வலி, தூக்கம் வரவில்லை, திருவிழா, சாவு என்று இருபது வருஷமாக அந்த வீட்டில் பாட்டிலுக்குக் காரணம் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. அக்காவும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று கோபம்தான் வந்தது.

வெறுங்கையோடு திரும்பி வந்து, அங்கேயும் மூடிவிட்டார்கள் என்றேன். அக்கா துண்டை நனைத்து அவர் நெற்றியில் போட்டாள். இன்னும் ஒரு நாள் தாண்டிவிட்டால் மாமா மனுஷனாகிவிடுவார் என்று அவளுக்குத் தைரியம் வேறு சொன்னேன்.

பொழுது சாயும் முன்னே வலிப்பு வந்தது. இரண்டாவது வலிப்பு ஆம்புலன்சில். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை.

குடியை நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு என்று டாக்டர் கேட்டார். மூணு நாள் என்று நான்தான் சொன்னேன்.

கதையைச் சொல்லி முடித்து அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது வரதன் உள்ளே வந்தான்.

எங்கள் தெருக் கடைசி வீட்டுக்காரன். குளித்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். போதை இல்லாமல் அவனை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசற்படி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

நான் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் கடை திறந்துதான் இருந்தது.

கூட்டம்கூட இல்லை. எனக்கு முன்னால் நாலே பேர். மூன்றாவது ஆளாக நின்றவன் வரதன். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். நீயுமா என்கிற சிரிப்பு.

யாருக்காக வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. கடையை மூடச் சொல்லி மனு எழுதியவன் கடை வாசலில் நிற்கிறான் என்று ஊரெல்லாம் சொல்வானே என்றுதான் பயம். வரிசையை விட்டு விலகி வண்டியை எடுத்துவிட்டேன். அக்கா வாழ்க்கையைக் காப்பாற்றத்தான் வாங்காமல் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மாமாவைவிட என் மானம் எனக்குப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

அக்கா வரதனைப் பார்த்ததும் மறுபடியும் அதையே எடுத்தாள். என்னைக் கைகாட்டினாள்.

"நீயும் அன்னிக்கி அந்தாண்ட தான போன வரதா. நீயே சொல்லு, மூடித்தான இருந்துச்சி?"

அவன் என்னைப் பார்த்தான். பாயில் இருந்தவர்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். சொல்லிவிடு என்று ஒரு கணம் மனதுக்குள் கெஞ்சினேன். சத்தியமாகக் கெஞ்சினேன்.

"ஆமாக்கா. மூடித்தான் கெடந்துச்சி. நானும் வெறுங்கையோட தான் வந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் என் பக்கம் அவன் திரும்பவில்லை.

இனிமேல் நான் உண்மையைச் சொன்னால் அவனும் பொய்யனாவான். அந்தச் சாக்கும் எனக்குக் கிடைத்துவிட்டது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் ஷாரோனைக் கூப்பிட்டாள். தாய்மாமனுக்கு முதலில் டீ கொடு, நமக்காக அலைந்த பிள்ளை, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள்.

ஷாரோன் டம்ளரை நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன்.