வாத்துக்குத் தலை வரவில்லை

"செத்தாலும் அவங்களுக்கு போன் பண்ண மாட்டேன்!"

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பதினொன்று.

நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்து வேன் வந்துவிடும். நூற்றிருபது சட்டைப்பைகளில் பள்ளிச் சின்னத்தை எம்பிராய்டரி போட்டுக் கொடுக்க வேண்டும். தனிக்கடை போட்ட பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. சொதப்பினால் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இனித் தலைகாட்ட முடியாது.

எண்பது முடிந்திருந்தபோது, நேற்று, கம்ப்யூட்டர் கண்ணை மூடிவிட்டது. ரிப்பேர்க்காரர் காலையில் வந்து புது ஹார்ட் டிஸ்க் மாட்டி, எம்பிராய்டரி மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேரையும் ஏற்றிவிட்டுப் போனார். அது இப்போது கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்துகொண்டு வாங்கும்போது கொடுத்த ஆக்டிவேஷன் நம்பரைக் கேட்கிறது.

"நம்பரை போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்னு சொன்னியே?"

"அது பழைய போன்."

"பழைய போன் எங்கே?"

"அதைக் குடுத்துத்தானே புதுசு வாங்கினேன்!"

புருஷன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் கற்றுக்கொண்ட வித்தை.

அந்த நம்பர் இனி ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பெரியவளின் நீல அட்டை நோட்டில்.

பெரியவள் அவளுடைய ஓரகத்தி. புருஷனின் அண்ணன் மனைவி. இருவரும் ஏழு வருஷம் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவர்கள். சாஃப்ட்வேரும் சேர்ந்து வாங்கியதுதான். ஒரே நம்பர், இரண்டு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரோ, போன் ஆப்போ, எந்த நம்பர் வந்தாலும் பெரியவள் நோட்டில் எழுதிவிடுவாள். கடைக்குள் வந்த ஊசிப் பெட்டிக்குக்கூட அதில் ஒரு வரி உண்டு.

"இந்தக் காலத்துல யாராவது நோட்டுல எழுதுவாங்களா அக்கா?" என்று சின்னவள் வாடிக்கையாளர்கள் எதிரிலேயே சிரிப்பாள்.

அப்புறம் ஒரு கத்தரிக்கோலில் ஆரம்பித்தது சண்டை. என்னுது, உன்னுது என்று வளர்ந்து, கடை இரண்டாகி, பேச்சும் நின்றுபோனது. அது யாருடைய கத்தரிக்கோல் என்பது மட்டும் இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை.

பதினொன்றேகாலுக்குச் சின்னவள் போனை எடுத்தாள்.

"நான்தான்."

"தெரியுது."

"கம்ப்யூட்டர் போயிடுச்சு. அந்த சாஃப்ட்வேர் நம்பர் வேணும். நாலு மணிக்கு ஸ்கூல் வேன் வருது, இன்னும் நாற்பது சின்னம் பாக்கி."

நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கோ." பெரியவள் ஒவ்வோர் எழுத்தாக நிதானமாகச் சொன்னாள். "திருப்பிப் படி."

படித்தாள்.

"சரி." போன் கட்.

ஒரு குத்தல் இல்லை. 'நோட்டைப் பார்த்துச் சிரிச்சியே' என்று ஒரு வார்த்தை இல்லை. அதுவே சின்னவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நம்பரை அடித்தாள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: 'இந்த எண் ஏற்கெனவே இரண்டு கம்ப்யூட்டர்களில் பயன்பாட்டில் உள்ளது.'

"பார்த்தீங்களா உங்க அண்ணி லட்சணத்தை! ஒண்ணு அவங்க கம்ப்யூட்டர். இன்னொண்ணு யாரோடது? என் பங்கை எவளுக்கோ தாரை வார்த்துட்டாங்க!"

மறுபடியும் போனை எடுத்தாள். "நம்பர் ஏற்கெனவே ரெண்டு கம்ப்யூட்டர்ல இருக்காமே! என் பங்கை யாருக்குக்கா குடுத்தீங்க?"

பதில் வருவதற்குள் கட் செய்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரண்டே தெரு. நடக்க நடக்க வசனம் ஊறியது. 'நீங்கல்லாம் ஒரு மனுஷியா' என்று தொடங்கி, நடுவில் கத்தரிக்கோலைத் தொட்டு, கண்ணீரோடு முடிப்பதாக உத்தேசம்.

பெரியவளின் கடைக்குள் கால் வைத்து வாயைத் திறந்தாள். கையில் போன் அலறியது. புருஷன்.

"ஏய், மறுபடி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துக்கிச்சு! மெஷின் ஓடுது! எண்பத்தொண்ணாவது சின்னம் விழுந்துட்டிருக்கு! அங்க போய் எதையும் உளறி வைக்காதே!"

சின்னவளின் வாய் திறந்தபடியே நின்றது.

பெரியவளின் மெஷினும் நின்றிருந்தது. அதில் ஒரு குழந்தைப் போர்வை மாட்டியிருந்தது. போர்வையில் ஒரு மஞ்சள் வாத்து. வால் இருந்தது, உடம்பு இருந்தது, இரண்டு காலும் இருந்தது.

"அக்கா... வாத்துக்குத் தலை எங்கே?"

"நாளைக்கு வரும்." பெரியவள் நிமிராமல் நோட்டை மூடினாள். "அந்த இன்னொரு கம்ப்யூட்டர் உன்னோடதேதான். உன் பழைய டிஸ்க் செத்தாலும் கம்பெனி லிஸ்ட்ல அது இன்னும் உயிரோடதான் இருக்கும். கம்பெனிக்கு எழுதிப் போட்டு அதை லிஸ்ட்ல இருந்து எடுக்க ஒரு நாள் ஆகும். போன வருஷம் எனக்கே ஆச்சு, குறிச்சு வெச்சிருக்கேன். அதான் என் கம்ப்யூட்டர்ல இருந்து நம்பரை எடுத்து உனக்கு விட்டுட்டேன். வேனுக்கு அவசரம். வாத்துக்கு என்ன அவசரம்?"

ஊறிய வசனத்தில் ஒரு வரிகூட சின்னவளுக்கு ஞாபகம் வரவில்லை. கண்ணீர் மட்டும் உத்தேசித்தபடி வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

"அக்கா, அந்தக் கத்தரிக்கோல் உங்களோடதுதான். நானே ஒத்துக்கறேன்."

பெரியவள் மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இல்லடி, உன்னோடதுதான். நோட்டுல தெளிவா எழுதியிருக்கு. நான்தான் இத்தனை நாளா அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே இருந்தேன்."